ஊருக்குத் திரும்பும் பெருநாள்: சீனப் புத்தாண்டும் தாம்பரத்துப் பொங்கலும்

சீனர்களின் வசந்த விழா, சந்திர மாதக் கணக்கில் ஆண்டின் முதல் நாளில் தொடங்கிப் பதினைந்தாம் நாள் விளக்குத் திருவிழாவோடு முடிவது. குறுகிய காலத்தில் மிகப் பெரும் மக்கள்தொகையை வீட்டை நோக்கி நகர்த்தும் பெருநாளாகவும் அது இன்று அறியப்படுகிறது. தமிழ்நாட்டில் அதற்கு அளவில் மிகச் சிறியதாயினும் இயல்பில் நெருங்கிய நிகழ்வு, பொங்கலுக்கு முந்தைய சில இரவுகளில் தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகத் தெற்கு மாவட்டங்களை நோக்கி நடக்கும் பயணப் பெருக்கு. இரண்டையும் உழவர் விழாக்கள் என்றே பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. ஆனால் அவற்றைக் கொண்டாட இன்று பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்பவர்களுள் பெரும்பகுதியினர் தொழிற்சாலையிலோ கணினி முன்போ வேலை செய்பவர்கள். கதிர் அரிவாளைக் கையில் தொடாதவர்களும் அவர்களுள் பலர். வயலோடு இருந்த தொடர்பு அறுந்த பிறகும் இவ்விழாக்கள் தளராமல் வலுப்பெற்றிருப்பதற்கு என்ன காரணம் என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. பருவமும் அரசாணையும் இவ்விழாக்களுக்கு நாளையும் பெயரையும் தந்திருக்கலாம். எந்த நாளில் யார் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்ற குடும்ப முறைமையே அவற்றைக் காத்து வந்துள்ளது என்பதே சான்றுகள் காட்டும் முடிவு.

முதலில் நாள் கணக்கு. சீன நாட்காட்டி சூரியனையும் சந்திரனையும் இணைத்துக் கணிப்பது. அமாவாசை நாளே அதில் மாதத்தின் முதல் நாள், பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்களே ஆவதால், 19 ஆண்டுகளில் ஏழு முறை மிகை மாதம் ஒன்று சேர்க்கப்படுகிறது. டிசம்பர் 21 அல்லது 22இல் சூரியன் தென்கோடியை எட்டும் நாள் எந்த மாதத்தில் விழுகிறதோ அது பதினோராம் மாதம் என்பது அடிப்படை விதி. ஆகவே புத்தாண்டு பெரும்பாலும் அதற்குப் பின்வரும் இரண்டாவது அமாவாசையில், ஜனவரி 21க்கும் பிப்ரவரி 21க்கும் இடையில் வருகிறது. 2024இல் பிப்ரவரி 10ஆம் நாளும், 2025இல் ஜனவரி 29ஆம் நாளும், 2026இல் பிப்ரவரி 17ஆம் நாளும் அது வந்தது இதனால்தான். பொங்கலின் கணக்கு வேறு. சூரியன் மகர ராசியில் நுழைவதாகப் பஞ்சாங்கம் குறிக்கும் நாளே தை முதல் நாள். ராசிகளை விண்மீன்களைக் கொண்டு அளக்கும் முறை அது. விண்மீன் ஆண்டு, பருவங்களைத் தீர்மானிக்கும் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீண்டது. அதனால் தை முதல் நாள் ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்னே நகர்ந்து, ஒரு காலத்தில் உத்தராயணத் தொடக்கத்தோடு ஒன்றியிருந்தது இன்று மூன்று வாரத்துக்கும் மேல் விலகி ஜனவரி 14 அல்லது 15இல் நிற்கிறது. சீனக் கணக்கு பருவத்தை விடாமல் பிடித்திருக்கிறது, ஆனால் நாளை ஒரு மாத அகலத்துக்கு அலைய விடுகிறது. தமிழ்க் கணக்கு நாளை அசையாமல் வைத்திருக்கிறது, ஆனால் பருவத்தை மெல்ல நழுவ விடுகிறது. வசந்த விழா என்று பெயர் பெற்ற நாளில் பெய்ஜிங்கின் ஏரிகள் உறைந்தே கிடப்பதையும், அறுவடை விழா என்று பெயர் பெற்ற நாளில் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரிலும் செம்பாக்கத்திலும் அறுக்க ஒரு வயலும் இல்லாததையும் சேர்த்துப் பார்த்தால், பருவம் என்பது இவ்விழாக்களின் பிறப்புச் சான்றிதழாக மட்டுமே எஞ்சியிருப்பது விளங்கும்.

ஆண்டுத் தொடக்கம் எந்நாள் என்பது சீனத்தில் தொடக்கம் முதலே ஆட்சியாளரின் உரிமையாகக் கருதப்பட்டது. சின் பேரரசு பத்தாம் மாதத்தை ஆண்டின் முதலாகக் கொண்டிருந்தது; கி.மு. 104இல் ஹான் பேரரசர் வூ கொண்டுவந்த தாய்ச்சூ நாட்காட்டிச் சீர்திருத்தமே இன்றுள்ள முதல் மாதத்தை ஆண்டின் தலைப்பில் நிறுத்தியது. விழா மக்களிடையே எப்படி நடந்தது என்பதை அறிய உதவும் பழைய நூல்களுள் முதன்மையானது, ஆறாம் நூற்றாண்டில் ட்சோங் லின் என்பவர் எழுதிய, ஜிங்-சூ நாட்டின் பருவ வழக்கங்களைத் தொகுத்துரைக்கும் நூல். ஜிங்-சூ என்பது யாங்சே ஆற்றின் நடுப்பகுதி, இன்றைய ஹுபே, ஹுனான் மாநிலங்களை உள்ளடக்கிய நிலம். புத்தாண்டு விடியலில் மூங்கிலைத் தீயிலிட்டு வெடிக்கச் செய்து தீய ஆவிகளை விரட்டியதையும், வீட்டில் உள்ளோர் மூத்தோரை முறைப்படி வணங்கியதையும் அந்நூல் குறிக்கிறது. வெடிமருந்து வந்த பின் மூங்கிலின் இடத்தைப் பட்டாசு பிடித்துக்கொண்டது. இதற்கு மாறாக, ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குள் வந்து மனிதரைத் தின்னும் நியான் என்ற விலங்கைச் சிவப்பு நிறமும் ஓசையும் விரட்டின என்று சிறுவர் நூல்களும் சுற்றுலாத் துண்டறிக்கைகளும் ஓயாமல் சொல்லும் கதைக்குப் பழைய நூல்களில் ஆதாரம் கிடைக்கவில்லை; அது இருபதாம் நூற்றாண்டில் பரவிய கதை. விழாவின் வரலாற்றை அக்கதையிலிருந்து தொடங்கும் கட்டுரைகளை ஐயத்தோடு படிப்பது நல்லது.

இருபதாம் நூற்றாண்டில் அரசுக்கும் இவ்விழாவுக்கும் நடந்த இழுபறி தனியே கவனிக்கத்தக்கது. 1912இல் பிறந்த சீனக் குடியரசு மேற்கத்திய நாட்காட்டியை ஏற்றுக்கொண்டது. பழைய புத்தாண்டுக்கு அதுவரை வழங்கிய பெயர் ஜனவரி முதல் நாளுக்கு மாற்றப்பட்டு, 1914இல் யுவான் ஷிகாயின் ஆட்சியில் பழைய நாளுக்கு வசந்த விழா என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டது. 1928க்குப் பின் கோமிந்தாங் அரசு பழைய நாட்காட்டியையே ஒழிக்க முனைந்து, புத்தாண்டுச் சடங்குகளை ஜனவரிக்கு நகர்த்தும்படி மக்களை வற்புறுத்தியது. கடைகளைத் திறக்கச் சொன்னது, விடுமுறையை மறுத்தது. மக்கள் பணியவில்லை, சில ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1949இல் வந்த மக்கள் குடியரசு மூன்று நாள் விடுமுறை அளித்தது. பண்பாட்டுப் புரட்சியின்போது 1967இல் அதுவே விடுமுறையை நிறுத்தி, தொழிலாளரைப் பணியிடத்திலேயே இருந்து புரட்சிகரமான வசந்த விழா கொண்டாடச் சொன்னது. விடுமுறை 1980இல்தான் திரும்பியது. 1983 முதல் மத்தியத் தொலைக்காட்சி புத்தாண்டு முன்னிரவில் ஒளிபரப்பும் கலைநிகழ்ச்சி வீட்டு விருந்தின் ஓர் அங்கமாகிவிட்டது; 2024 டிசம்பரில் யுனெஸ்கோ இவ்விழாவை மனித குலத்தின் தொட்டறிய இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது; 2025 முதல் புத்தாண்டு முன்னாளும் சட்டப்படியான விடுமுறையாகியுள்ளது. ஒழிக்க முயன்ற அரசுகள் தோற்ற இடத்தில் பின்வந்த அரசு விழாவைத் தழுவி அதற்குத் தானே புரவலரானது.

தமிழ்நாட்டிலும் ஆண்டுத் தொடக்கத்தை அரசு தீர்மானிக்க முயன்றதுண்டு. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என 2008இல் மு. கருணாநிதி அரசு இயற்றிய சட்டம், 2011இல் ஜெயலலிதா அரசால் நீக்கப்பட்டுச் சித்திரை முதல் நாள் மீண்டும் அவ்விடத்துக்கு வந்தது. இரு தரப்பிலும் அறிஞர் வாதங்கள் குவிந்தன. ஆனால் அந்த மூன்று ஆண்டுகளிலும் தாம்பரம் சந்தையில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் விற்ற நாள் மாறவில்லை, சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி வைக்கும் வீடுகள் அதை வைக்காமல் இருக்கவும் இல்லை. சட்டம் புத்தாண்டு என்ற பட்டத்தை எந்நாளுக்கும் தரலாம். அன்று அடுப்பில் என்ன ஏற வேண்டும் என்பதை அது தொடுவதில்லை.

அடுப்பிலிருந்தே தொடங்குவது சீன முறைக்கும் பொருந்தும். பன்னிரண்டாம் மாதம் 23ஆம் நாள் வடக்கிலும் 24ஆம் நாள் தெற்கிலும் அடுப்புத் தெய்வமான ஸாவ் ஜுனுக்கு விடை கொடுக்கும் சடங்கு நடக்கிறது. ஆண்டு முழுதும் அடுப்புக்கு மேல் ஒட்டப்பட்டிருந்து வீட்டாரின் நடத்தையைப் பார்த்து வந்த அத்தெய்வம் விண்ணுலகுக்குச் சென்று அறிக்கை தரும் என்பது நம்பிக்கை, ஆகவே குறை எதுவும் சொல்லாதிருக்க அதன் வாயில் மாச்சத்துப் பாகைத் தடவி, தாள் உருவத்தைக் கொளுத்தி வழியனுப்புகிறார்கள். தெய்வத்துக்கே கையூட்டு தரும் இந்நகைச்சுவை சீனக் குடும்ப சமயத்தின் இயல்பை நன்கு காட்டுவது. அதன்பின் வீடு முழுதும் ஒட்டடை அடித்துத் துடைக்கப்படும். புத்தாண்டு பிறந்த பிறகு முதல் நாளில் துடைப்பத்தைத் தொடுவது வந்த செல்வத்தைக் கூட்டித் தள்ளுவதாகும் என்பதால் அனைத்தையும் முன்பே முடிக்க வேண்டும். வாசலின் இருபுறமும் சிவப்புத் தாளில் எழுதிய இணைவரிகள் ஒட்டப்படுகின்றன. பழங்காலத்தில் பீச் மரத்தில் செதுக்கித் தொங்கவிட்ட காவல் பலகைகளின் வழிவந்தவை இவை.

வட தமிழ்நாட்டுப் போகி இதனோடு ஒப்பிடத் தக்கது. மார்கழியின் கடைசி விடியலில் பழைய பாய், துடைப்பம், முறம், கந்தல் ஆகியவற்றை வாசலில் எரித்து, சிறுவர் போகி மேளம் தட்டும் வழக்கம் சென்னையிலும் அதன் தென்புறநகரங்களிலும் இன்னும் உயிரோடிருக்கிறது; பாயின் இடத்தில் ரப்பர் குழாயும் டயரும் வந்த பிறகு அப்புகை பனியோடு கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்களைத் தாமதப்படுத்தும் அளவுக்குப் போனதால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் எச்சரிக்கை விடுக்கிறது. இதே போல் பெய்ஜிங் நகரம் 1993இல் பட்டாசைத் தடை செய்து, மக்கள் ஏற்காததால் 2005இல் தளர்த்தி, பின்னர் காற்று மாசினால் மீண்டும் இறுக்கியது. கொங்குப் பகுதியிலிருந்து வந்து தாம்பரத்தில் குடியேறியவர்களுக்கு எரிப்பதைவிட முக்கியமானது காப்புக் கட்டு: வேப்பிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ ஆகியவற்றை முடிந்து வாசலிலும் கூரையிலும் செருகுவது. தாம்பரத்தின் ஒரே தெருவில் ஒரு வீடு எரிக்கிறது, மற்றொன்று காப்புக் கட்டுகிறது, திருநெல்வேலிக் குடும்பம் பனங்கிழங்கு வேகவைக்கிறது. யார் எந்த ஊர்க்காரர் என்பதை ஆண்டில் வேறெந்த நாளும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

சீன விழாவின் மையம் முன்னிரவு விருந்து. மறைந்தோரின் பெயர்ப்பலகைகளுக்கு முதலில் உணவு படைத்து, பின்னர் வீட்டார் அனைவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். வர இயலாதவருக்கும் சில வீடுகளில் கிண்ணமும் குச்சியும் வைக்கப்படும். வடக்கில் மாவை மெல்லியதாகத் தேய்த்து உள்ளே இறைச்சியும் கீரையும் வைத்து மூடிய கொழுக்கட்டைகளை எல்லோருமாகச் சேர்ந்து பிடிப்பதும், தெற்கில் பசையரிசி மாவில் செய்த அப்பமும் முழு மீனும் பரிமாறுவதும் வழக்கம். நள்ளிரவு வரை உறங்காமல் விழித்திருப்பது பெற்றோரின் ஆயுளை நீட்டிக்கும் என்று கருதப்படுகிறது. விடிந்தால் இளையோர் மூத்தோரை வணங்க, மூத்தோர் சிவப்பு உறையில் பணம் தருவர். முற்காலத்தில் இது சிவப்பு நூலில் கோத்த செப்புக் காசாக இருந்தது, 2014 முதல் வீச்சாட் செயலி வழியாகவும் செல்கிறது. தமிழ் வீடுகளில் காணும் பொங்கலன்று பெரியோர் காலில் விழுந்து ஆசியும் கைக்காசும் பெறும் வழக்கத்தோடு இது இயல்பாகவே பொருந்துகிறது. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒரு படி மேலே சென்று, சீனரின் அங்பாவ் உறையையே எடுத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் ஊதா முதலியவையாக மாற்றித் தீபாவளிக்குப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டிலோ இவ்வழக்கத்தின் மிகப் பெரிய கொடையாளி அரசுதான்: நியாயவிலைக் கடை வழியாக வரும் பொங்கல் பரிசுத் தொகுப்பில் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு ஆகியவற்றோடு 2021இல் 2,500 ரூபாயும் 2023, 2024 ஆண்டுகளில் 1,000 ரூபாயும் ரொக்கமாகத் தரப்பட்டன, 2025இல் ரொக்கம் இல்லாமற் போனபோது எழுந்த பேச்சு, அது உதவித்தொகை என்ற நிலையைக் கடந்து முறைமையாகவே எண்ணப்படுவதைக் காட்டியது.

இரு மரபுகளும் கூர்மையாகப் பிரியும் இடம் மணமான மகளின் நிலை. சீன முறையில் முன்னிரவு விருந்துக்கு அவள் இருக்க வேண்டிய இடம் கணவன் வீடு. அன்றிரவு பிறந்த வீட்டில் உண்பது அவ்வீட்டுக்கு ஆகாது என்றே பல பகுதிகளில் கருதப்பட்டது. இரண்டாம் நாளே கணவனோடும் குழந்தைகளோடும் இனிப்பும் பரிசும் எடுத்துக்கொண்டு தாய்வீடு செல்வாள். மருமகனுக்கு அன்று சிறப்பு விருந்து. அதாவது பெண் செல்கிறாள், பொருளையும் அவளே கொண்டு செல்கிறாள். தமிழ் முறையில் பொருள் எதிர்த்திசையில் பயணம் செய்கிறது: பொங்கல் சீர், தென்மாவட்டங்களில் பொங்கல்படி எனப்படுவது, பானை, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, துணிமணி என்று பிறந்த வீட்டிலிருந்து மகளின் வீட்டுக்குச் செல்கிறது, முதல் ஆண்டுத் தலைப்பொங்கலுக்குத் தந்தை கொண்டு வருவது, அவருக்குப் பின் உடன்பிறந்தானின் கடமையாகித் தொடர்கிறது. பெண்ணின் பங்கு, மாட்டுப் பொங்கலன்று மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுப் பிடிகளைக் காக்கைக்கு வைத்து உடன்பிறந்தான் நலம் வேண்டும் கனுப்பிடியில், அதை நோற்கும் குடும்பங்களில், வெளிப்படுகிறது. சீன விழா தந்தைவழிக் குடும்பத்தை ஒரே மேசைக்கு வரவழைக்கும் விழா. பொங்கல் அதோடு அண்ணன் தங்கை உறவைப் புதுப்பிக்கும் விழாவுமாகும். இவ்வேறுபாட்டைக் கவனியாமல் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று சொல்லும் ஆர்வக் கட்டுரைகள் வெளித்தோற்ற ஒற்றுமையை உறவென்று மயங்குகின்றன. வீடு துடைப்பதும் புத்தாடையும் மூத்தோர் வணக்கமும் ஆண்டு திரும்பும் நாளில் எந்த உழவர் சமூகமும் தானே கண்டடையக் கூடியவை.

இன்றைய சீனத்தில் இந்தத் திசையே குடும்பச் சண்டைக்கும் காரணமாகியுள்ளது. ஒற்றைக் குழந்தைக் கொள்கையின்கீழ்ப் பிறந்த மகனும் மகளும் மணந்துகொள்ளும்போது, முன்னிரவு விருந்துக்கு யாருடைய பெற்றோர் தனியே அமர்வது என்ற கேள்விக்கு மரபில் விடை இல்லை; ஓராண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்று முறை வைத்துக்கொள்வோர் உண்டு, இரு வீட்டுப் பெற்றோரையும் தம் நகர வீட்டுக்கே அழைப்போரும் உண்டு.

சீன நாட்டுக்கு வெளியே இவ்விழா குடும்பத்தை மட்டுமே நம்பி வாழ வேண்டியிருந்ததற்கு இந்தியச் சீனரே சான்று. கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் உள்ள அச்சிப்பூர், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை நடத்திய டோங் அச்சூவின் பெயரால் அமைந்த ஊர். டாங்ரா, திரெட்டா பஜார்ச் சீனக் குடும்பங்கள் புத்தாண்டை ஒட்டி அங்கே சென்று அவர் கல்லறையில் ஊதுவத்தி ஏற்றுவது வழக்கமாயிற்று. குலமுன்னோரின் கல்லறை கடல்கடந்து கிடக்க, முதலில் வந்து இறங்கியவரையே எல்லோருக்கும் பொது முன்னோராக்கிக்கொண்ட இவ்வழக்கத்தை மரபின் சிதைவாகக் கொள்வதைவிட வளர்ச்சியாகக் கொள்வதே பொருந்தும். நீலகிரியில் நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டங்களுக்கு மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர் சிலர், விடுதலைக்குப் பின் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து காய்கறியும் காப்பியும் பயிரிட்டதைச் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்துள்ளார். சென்னையில் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரிந்த சீனர், ஹுபே மாநிலத்திலிருந்து 1930களையும் 1940களையும் ஒட்டி வந்த பல் மருத்துவக் குடும்பத்தார். ட்சோங் லினின் நூல் விவரிக்கும் அதே நிலத்தின் வழித்தோன்றல்கள். 1962 போருக்குப் பின் ஏறத்தாழ 3,000 இந்தியச் சீனர், பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் வங்கத்திலிருந்தும், ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்ட காலத்துக்குப் பிறகு, விழா பல இடங்களில் தெருவை விட்டு வீட்டுக்குள் ஒடுங்கியது. தென்சென்னைப் புறநகரத்துக்கு இவ்விழா இன்று வந்து சேர்வது வேறு வழியில்: ஆண்டுதோறும் சீனத் தொழிற்சாலைகள் விடுமுறையில் மூடும் வாரங்களில் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வர வேண்டிய உதிரிப் பாகங்கள் தடைபடுமென்று கொள்முதல் பிரிவினர் டிசம்பரிலேயே சேமித்து வைப்பதில்தான் பலர் அதை அறிகிறார்கள்.

இனி, திரும்புதல். சீனத்தில் 1958ஆம் ஆண்டின் ஹூக்கோ விதிகள் ஒவ்வொருவரையும் பிறந்த ஊரின் குடும்பப் பதிவேட்டோடு கட்டிவைத்தன. பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் ஆகிய உரிமைகள் அப்பதிவைச் சார்ந்திருந்தன. 1978க்குப் பின் கடற்கரை நகரங்களின் ஆலைகள் உள்நாட்டு உழவர் மக்களைக் கோடிக்கணக்கில் ஈர்த்தபோது, அவர்கள் வேலைக்கு நகரம், பதிவுக்குக் கிராமம், குழந்தைக்குப் பாட்டன் பாட்டி என்று பிளந்த வாழ்க்கையில் வாழ்ந்தனர். அப்பிளவு ஆண்டுக்கொருமுறை ஒட்டும் நாளே முன்னிரவு விருந்து. சுன்யுன் எனப்படும் வசந்தப் போக்குவரத்துக் காலம் புத்தாண்டுக்கு 15 நாள் முன்பும் 25 நாள் பின்புமாக 40 நாட்கள் நீள்கிறது. 2019இல் அதில் பதிவான பயணங்கள் ஏறத்தாழ 300 கோடி. ஒருவரே பலமுறை ஏறி இறங்குவதும் தனித்தனியே கணக்காவதால் இவ்வெண்ணை ஆட்களின் எண்ணாகக் கொள்ளலாகாது. 2008 ஜனவரியில் தென்சீனத்தைப் பனிப்புயல் முடக்கியபோது குவாங்சோ நிலையத்தில் லட்சக்கணக்கானோர் நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். 2020இல் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 23இல், ஹுபேயின் தலைநகரான வூஹான் அடைக்கப்பட்டது. பெருந்தொற்றின் தொடக்கம் பெரும்பயணத்தின் உச்சத்தோடு ஒன்றியது ஊழின் கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

தாம்பரத்துக்கு அத்தகைய பதிவேட்டுச் சட்டம் எதுவும் இல்லை. இங்கே மக்களை ஊரோடு கட்டியிருப்பவை குலதெய்வமும் பூர்வீக வீடும் பெற்றோரும்தான். கடற்கரை–தாம்பரம் மின்தொடர் வண்டி 1931இல் ஓடத் தொடங்கி, 1937இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி இங்கு இடம்பெயர்ந்த பின்னும் ஏரிப் பாசன ஊர்கள் சூழ்ந்த சிற்றூராகவே இருந்த இடம், 1984இல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்து, திருப்பெரும்புதூர் நெடுக ஆலைகள் எழுந்த பிறகு, தென்மாவட்டத்தாரின் பெருங்குடியேற்றமாயிற்று. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் மாநகராட்சியான இப்பகுதியில் நிலையாகக் குடியிருப்போரிலும் கணிசமானோர் ஊர் எது என்று கேட்டால் தென்காசி, விருதுநகர், தஞ்சாவூர் என்றே விடையளிப்பர். பொங்கலுக்குச் சீட்டுப் பிடிக்கும் போராட்டம் முன்பு 120 நாள் முன்னதாகத் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் தொடர்வண்டி முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைந்ததால் நவம்பர் நடுவில் தொடங்குகிறது. கிடைக்காதவர்களுக்குத் தாம்பரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும், முழுதும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கொண்ட அந்த்யோதயா வண்டி உண்டு. விழாக் காலத்தில் தாம்பரம் சானடோரியம் பகுதியில் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைப்பதும், பெருங்களத்தூரில் சாலையோரம் மூட்டையும் கைக்குழந்தையுமாக மக்கள் காத்து நிற்பதும் ஆண்டு வழக்கமாக இருந்தன; 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டதால் வடசென்னையில் வாழ்பவருக்குத் தொல்லை கூடியிருக்கலாம், தாம்பரத்தாருக்கு ஊர் ஒரு மணி நேரம் பக்கத்தில் வந்துவிட்டது. பரனூர்ச் சுங்கச்சாவடி நெரிசல் மட்டும் மாறவில்லை.

ஊர் இதுவேயானவர்களும் இங்குண்டு. சேலையூர், மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் ஆகிய ஊர்களின் பழைய குடியினர் ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்தவர்கள். வயல்கள் நகர்களாக மனைபிரிந்த பின் மாட்டுப் பொங்கலுக்கு மாடுள்ள வீடுகளைத் தேட வேண்டியிருக்கிறது, பசுவின் கதையோடு தொடர்புடைய மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் போன்ற இடங்களே அந்நாளின் பொருளைத் தாங்குகின்றன. மற்றவர் பெருந்திரளாகச் செல்வது காணும் பொங்கலன்று வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு. முதல் தலைமுறைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் தென்காசி என்பது பாட்டி வீடு, அவர்கள் பிள்ளைகளுக்கு அதுவும் இராது. பாட்டி மறைந்தபின் பயணம் இரண்டாண்டுக்கொருமுறையாகி, பின்னர் குலதெய்வக் கொடைக்கு மட்டும் என்றாகிறது. மாறாக, முதிய பெற்றோர் பனங்கிழங்குக் கட்டோடு தாம்பரம் நிலையத்தில் வந்து இறங்குவதும் பெருகியுள்ளது. சீனத்திலும் எதிர்ச் சுன்யுன் என்ற பெயரில் இதுவே நடக்கிறது: பிள்ளைகள் வேலை செய்யும் நகரத்துக்குப் பெற்றோர் வருகிறார்கள், அத்திசையில் வண்டிகளில் இடமும் எளிதில் கிடைக்கிறது. விருந்து எங்கே என்பது மாறலாம், யார் யார் அமர வேண்டும் என்பது மாறவில்லை.

திரும்ப முடியாதவர்களையும் இவ்வாய்வு விட்டுவிடலாகாது. திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்க இடமுண்டு. தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பொங்கல் விடுப்பில் ஊர் ஓர் இரவுப் பயணம். அசாமிலிருந்து புறநகரத்துக் கட்டட வேலைக்கும் உணவகங்களுக்கும் வந்தவர்களுக்கோ, தை முதல் நாளை ஒட்டியே தம் மாநிலத்தில் மாக் பிஹு கொண்டாடப்பட்டும், தாம்பரத்திலிருந்து சில்காட் செல்லும் நகாவ்ன் விரைவு வண்டியில் ஒருவழிக்கே இரண்டு நாட்களுக்கு மேல் ஆவதால், நான்கு நாள் பொங்கல் விடுமுறை பயணத்துக்கே போதாது. ஆகவே அவர்களுள் பலர் ஜனவரியில் இங்கேயே தங்கி, ஏப்ரலில் வரும் ரொங்காலி பிஹுவுக்கென்று விடுப்பைச் சேர்த்து வைக்கிறார்கள்.